பதினேழு நிமிடம்

நாங்கள் மூன்று பேர் சனிக்கிழமைகளில் நடக்கிறோம். நான் யூனியன்வில்லில் மகன் வீட்டில் இருக்கிறேன், வயது எழுபத்து மூன்று. இரண்டாமவர் மட்டக்களப்புக்காரர், என்னைவிட நான்கு வயது இளையவர். இருபத்தாறு வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, ரூஜில் மகளோடு இருக்கிறார். மூன்றாமவருக்கு அறுபத்திரண்டு. ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியவர், நாங்கள் மூவரும் ஏறிப்போகும் வானும் அவருடையதுதான். மழையும் பனியும் கொண்டுபோன சனிக்கிழமைகளைக் கழித்தால், சென்ற இலையுதிர்காலம் வரை இருநூற்று முப்பத்தொரு தடவை சேர்ந்து நடந்திருக்கிறோம். இருநூற்று முப்பத்திரண்டாவது நடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அன்று கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள். விரதம் ஆறு நாள். அதை ஆறு வருடம் விடாமல் பிடிப்பதாக நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. மட்டக்களப்பு நண்பரின் மனைவி அப்படி நேர்ந்தவர். எதற்காக என்று கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. மூன்று வருடம் பிடித்தார், நான்காவது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். விட்ட இடத்திலிருந்து இவர் தொடங்கினார். அதற்கு முன் இந்த மனிதர் ஒரு நேரச் சாப்பாட்டைத் தவறவிட்டதை நான் கண்டதில்லை. "அவ மூணு, நான் மூணு. அது அவட கணக்கு, நான் முடிச்சுக் குடுக்கிறன்" என்று ஒருமுறை சொன்னார். சென்ற வருடம் அவருடைய மூன்றாவது, ஆக மொத்தம் ஆறாவது. இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. பகலில் தண்ணீர் மட்டும் குடிப்பார். நாளுக்கு ஒரு தடவை, பொழுதுபட, ஒரு கிளாஸ் பால். வேறெதுவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் இருக்கும்படி நாங்கள் இருவரும் சொன்னோம். "கோயில்ல போய் இருந்தா எல்லாரும் பசியைப் பத்தித்தான் கதைக்கிறாங்க. உங்களோட நடந்தா நேரம் போயிரும்" என்றார்.

போன இடம் நகரத்துக்கு வடமேற்கே, வானில் ஒரு மணி பத்து நிமிட ஓட்டம். மலை என்று நாங்கள் அதைச் சொல்வதைக் கேட்டால் மலைநாட்டுப் பதுளையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். நீளமான சுண்ணாம்புக்கல் மேடு, ஒரு பக்கம் செங்குத்தாக விழும். விளிம்போடு பாதை போகிறது. மரங்களில் வெள்ளைப் பூச்சால் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். இடையிடையே பாறை வெடித்து, ஆள் நுழையும் அகலத்தில் ஒழுங்கைபோலக் கிடக்கும்.

காலையில் நான் நாலு தடவை வானிலை பார்த்தேன். நாலு தடவையும் வேறு வேறு மாதிரிச் சொன்னது. என்னுடைய மழைச்சட்டை தோளில் ஒழுகுவதால் மகனுடையதைப் போட்டுக்கொண்டேன். சட்டைக் கை எனக்கு நாலு விரற்கடை கூட.

வான் நிறுத்துமிடத்தில் மீன் ரோல்ஸ் ஆறு, பாணும் சம்பலும், ஒரு பிளாஸ்க் கோப்பி, இவ்வளவும் கொண்ட பை பின்சீற்றில் இருந்தது. வழக்கமாக ஸ்ரௌவ்வில் நண்பர் அதை முதுகில் போட்டுக்கொள்வார். அன்று நான்தான் தடுத்தேன். விரதகாரருக்கு முன்னால் இருந்து தின்பது முறையல்ல, வந்து சாப்பிடலாம் என்றேன்.

"அண்ணை, ரண்டு ரோல்ஸ் எண்டாலும் பொக்கற்றுக்குள்ள..."

"ஒண்டும் வேண்டாம். மணக்கும்."

"எனக்காகப் பட்டினி கிடக்காதீங்க" என்றார் விரதகாரர். "தம்பிக்கு வயிறு கத்துனா அந்தச் சத்தம் எனக்குக் கேக்கும், அதுதான் கஷ்டம்."

சிரித்தோம். ஸ்ரௌவ்வில் நண்பர் சட்டைப்பையில் இருந்த சுவிங்கத்தைக்கூட எடுத்து வானுக்குள் போட்டார். மூன்று பேரிடமும் வாயில் போட ஒன்றும் இல்லாமல் மலையேறினோம். நல்ல காரியம் செய்ததாக எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மழை பெய்தது என்றும் சொல்ல முடியாது, விட்டது என்றும் சொல்ல முடியாது. மூடுபனி மரங்களுக்கிடையில் கட்டிப் போட்டதுபோல நின்றது. முன்னால் மூன்று மரம் தெரியும், நாலாவது தெரியாது. இலைகள் விழுந்து நனைந்து பாதையே வழுக்கியது. உச்சிப் பார்வையிடம் வரை வெள்ளைக் கோடுகள் அறுபத்தொன்று. அங்கே பலகை அடித்துக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு அப்பால் வெறும் வெள்ளை.

"இருபது கிலோமீற்றர் தூரம் தெரியுமாம் அண்ணை" என்றார் ஸ்ரௌவ்வில் நண்பர்.

"என்ட கை தெரியுது. அது போதும்கா" என்றார் விரதகாரர்.

இன்னொரு பக்கத்தால் சுற்றி வரலாம் என்று நடந்தபோதுதான் மாற்றம் தெரிந்தது. எப்போதும் கடைசியாக ஆறுதலாக வருகிற மட்டக்களப்பு நண்பர், அன்று முன்னால் போய் வேகமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று பேச்சு நின்றது. பாறை வெடிப்புக்குள் இறங்குகிற மரப்படிகளில் நான் பதினான்கு எண்ணி முடித்தபோது, அவர் கீழே கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில் முகம் வேர்த்திருந்தது. கை நடுங்கியது.

"களைச்சுப்போச்சோ?" என்றேன்.

"என்னத்துக்கு விசாரிக்கிறீங்க? போங்க, வாறன்" என்று எரிந்து விழுந்தார். இருநூற்று முப்பத்தொரு நடையில் ஒருமுறையும் அவர் என்னோடு அப்படிப் பேசியதில்லை.

அப்போதுதான் எனக்கு அவருடைய நீரிழிவு நினைவுக்கு வந்தது. "நீர் காலமை குளிசை போட்டனீரோ?"

"போட்டன்."

"சீனி வருத்தக் குளிசை?"

"எல்லாம்தான். போடாட்டி மகள் பெட்டியத் திறந்து பாப்பா."

ஏழு நாளுக்கும் காலை மாலை என்று பதினான்கு அறை வைத்த பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மகள் நிரப்புவாள், தினமும் வேலைக்குப் போகுமுன் பார்ப்பாள். அப்பா பழமும் பாலுமாக மூன்று நேரம் எடுக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். அறையில் மாத்திரை மிஞ்சினால் கேள்வி வரும் என்று இவர், வெறும் வயிற்றில் ஐந்து நாளும் அத்தனையையும் விழுங்கியிருக்கிறார். இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது.

ஸ்ரௌவ்வில் நண்பர் கைத்தொலைபேசியைத் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. "வானுக்கு ஓடிப்போய் ரோல்ஸும் கோப்பியும் எடுத்துக்கொண்டு வாறன் அண்ணை."

"தொடமாட்டன்" என்றார் கீழே இருந்தவர். "நாளைக்கு முடியுது. அவட வருஷம். ஒருத்தரும் என்ட வாயில ஒண்டும் வைக்கப்படாது."

"செத்துப்போனா விரதம் ஆருக்கு?" நான் கத்திவிட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசிக்கவே கஷ்டப்பட்டார். "பால் எண்டாக் குடிப்பன். அது எனக்குரிய ஒரு நேரம். பின்னேரம் குடிக்கிறத இப்பக் குடிக்கலாம். பால் மட்டும். சீனி போடாம."

வானில் பால் இல்லை. கோப்பியில் கலந்த பால்தான், அதுவும் சீனியோடு. கடை இருக்கிற பெற்றோல் நிலையம் ஏழெட்டுக் கிலோமீற்றர் தள்ளி. "போ தம்பி, சிக்னல் வந்த உடன அம்புலன்ஸுக்கும் அடி" என்றேன். அவர் போகுமுன், கீழே இருந்தவர் என் கையைப் பிடித்தார். "அண்ணன், பால் வருமட்டும் வேற ஒண்டும் இல்ல. சொல்லுங்க." சரி என்று சொன்னேன். கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, அதனால் சொல்வது சுகமாக இருந்தது.

மணி பதினொன்று இருபத்திரண்டு. ஸ்ரௌவ்வில் நண்பரின் சப்பாத்துச் சத்தம் படிகளில் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அந்த வெடிப்பு, என் இரண்டு முழங்கையும் விரித்தால் முட்டும் அகலம். இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரம், பாசி பிடித்த கல், ஈரம் கசிந்தபடி. மேலே வானம் கீற்றாகத் தெரிய வேண்டிய இடத்தையும் மூடுபனி அடைத்திருந்தது. அவரைத் தூக்கிப் படியேற்றப் பார்த்தேன். ஒரு படிகூட முடியவில்லை. எண்பத்தெட்டுக் கிலோ மனிதர், நான் அறுபத்தொன்று. விட்டுவிட்டு மேலே போய் யாரையாவது கூப்பிடலாம் என்றால், சரிந்து தலை கல்லில் மோதிவிடும். மேலே பார்த்து இரண்டு பாஷையிலும் கத்தினேன். கல் குரலை அப்படியே திருப்பித் தந்தது. போகவும் முடியாது, இருந்தும் பயனில்லை. மணிக்கூட்டைப் பார்ப்பதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

நித்திரையாக விடக்கூடாது என்று கதை கொடுத்தேன். பஸ் ஓட்டின பாதையில் வரும் தெருக்களைச் சொல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்காகத் தொடங்கினார். "மார்க்கம் ரோட்... மெக்கோவன்... பிரிம்லி..."

பெலமியை விட்டுவிட்டார். மார்க்கம் ரோட்டுக்கும் மெக்கோவனுக்கும் நடுவில் பெலமி. ஆயிரக்கணக்கான தடவை அதில் நிறுத்தியவர்.

"பெலமி எங்க?"

"இறங்க ஆளில்ல" என்றார்.

ஸ்ரௌவ்வில் நண்பர் போன முப்பதாவது நிமிடம் மிட்லண்டைச் சொன்னார். முப்பத்து மூன்றில் திரும்பவும் மிட்லண்ட். முப்பத்தெட்டில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. கண் பாதி திறந்திருந்தது, பார்வை என்னிடம் இல்லை. நெற்றி வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கலாம் என்று மழைச்சட்டையின் உள்பையில் கைலேஞ்சி தேடினேன். கையில் அகப்பட்டது கடதாசியில் சுருட்டிய இனிப்பு. ஹலோவீன் அன்று பேரப்பிள்ளைகளோடு மகன் இனிப்பு வாங்க வீடு வீடாகப் போனபோது போட்டிருந்த சட்டை அது. மாத்திரைபோல வட்டமான சீனி வில்லைகள், ஒரு சுருளில் பதினைந்து.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் இருந்த மூன்று நிமிடத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பால் வந்துகொண்டிருக்கும். எங்கே வந்துகொண்டிருக்கும்? கடையில் நிற்கிறாரா, வழி தவறிவிட்டாரா? இன்னும் பத்து நிமிடம் பொறுத்தால் பாலே வரலாம், அந்த அம்மாவின் ஆறு வருடமும் முழுசாக இருக்கும். பொறுத்து, வராவிட்டால்? அவருடைய மகளுக்கு நான் என்ன சொல்வது? சரி என்று சொல்லியிருக்கிறேன் என்றா?

நாற்பத்தோராவது நிமிடம் ஏழு வில்லைகளை உள்ளங்கையில் வைத்துக் கல்லால் நசுக்கினேன். பாறையில் வடிந்த தண்ணீரில் குழைத்தேன். விழுங்கும் நிலையில் இல்லாதவருக்குத் தொண்டையில் போடக்கூடாது என்று எங்கோ வாசித்திருந்தேன். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். ஒருமுறை என் விரலைக் கடித்தார். கடிக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன்.

மிச்சம் எட்டு. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நானே தின்றேன். கடதாசியைச் சப்பாத்துக்குள் ஒளித்தேன்.

ஐம்பதாவது நிமிடம் அவர் என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். "ஏன் என்ட தொப்பியக் கழட்டினீங்க?"

"வேர்த்தது."

நாக்கை உள்ளே சுழற்றினார். "வாய் இனிக்குது அண்ணன்."

"மழைத்தண்ணி விழுந்தது."

"மழைத்தண்ணி இனிக்குமோ?"

"மரத்தால வடியிற தண்ணி. பாகு எடுக்கிற மேப்பிள் மரம்" என்றேன். எழுபத்து மூன்று வயதில், படித்த மனிதன், அதைத்தான் சொன்னேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே மூடுபனி.

ஐம்பத்தெட்டாவது நிமிடம் ஸ்ரௌவ்வில் நண்பர் முழங்கால்வரை சேறோடு, பால் பெட்டியை நெஞ்சில் அணைத்தபடி வந்து சேர்ந்தார். "வழுக்கி ரண்டு தரம் விழுந்தனான் அண்ணை, பாலை விடேல்லை!" மட்டக்களப்பு நண்பர் இரண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டுவிட்டுக் குடித்தார். அம்புலன்ஸ்காரர் பாதி வழியில் எங்களைச் சந்தித்து விரலில் ஊசி குத்திப் பார்த்தார்கள். பால் நல்ல வேலை செய்திருக்கிறது என்றார்கள். நான் தலையாட்டினேன். அடுத்த நாள் சூரன்போர் பார்க்க அவர் கோயிலுக்குப் போனார், விரதத்தை முடித்தார். அதற்கு மறுநாள் பாறணைச் சாப்பாட்டுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒன்பது கறி. மனைவியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. "ஆறும் முடிஞ்சுது" என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். நான் கறிகளைத் திரும்ப எண்ணினேன்.

நாற்பத்தொன்றுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் பதினேழு நிமிடம். நான் பொறுத்திருந்தால் அவர் தாங்கியிருப்பாரா? டொக்டர் ஒருவரிடம் வேறு யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம் என்றார். இந்தப் பதிலுக்கு டொக்டர் எதற்கு? அந்தக் குளிர்காலம் முழுவதும் இரவில் படுத்தால் நான் திரும்பவும் அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில்தான். அவரிடம் சொன்னால் விரதம் போய்விடும். சொல்லாவிட்டால், முடியாத ஒன்றை முடிந்தது என்று அவர் படத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் பக்கத்தில் நடந்தேன். எண்ணிக்கை இருநூற்று அறுபதைத் தாண்டியது.

இந்த வருடம் செப்ரெம்பர் கடைசியில் ரூஜ் பள்ளத்தாக்கில், ஸ்ரௌவ்வில் நண்பர் பின்னால் தொலைபேசியில் யாரோடோ வீட்டு வட்டி பற்றிக் கதைத்துக்கொண்டு வர, மட்டக்களப்பு நண்பர் சொன்னார்:

"சித்திரையில இந்தத் தம்பியக் கூட்டிக்கிட்டு அங்க போனன். நீங்க அண்டைக்குக் கண் டொக்டரிட்டப் போயிருந்தீங்க."

"எங்க?"

"அந்த வெடிப்புக்க. நல்ல வெயில். இறங்கி அதே இடத்தில இருந்து அண்ணாந்து பாத்தன். ஒரு மேப்பிளும் இல்ல. எல்லாம் சீடர் மரம்."

நான் நடந்துகொண்டே இருந்தேன். நிற்க முடியவில்லை.

"என்ன தந்தீங்க?"

"சீனி வில்லை. ஏழு."

"எண்ணித்தான் தந்திருக்கீங்க." சிரிப்புப்போல ஒன்று வந்து போனது. "அண்டைக்கே எனக்குத் தெரியும். ஆனா நீங்க சொன்னத நம்ப ஆசையா இருந்திச்சு. நம்பினன். ஆறு மாசம் நம்பினன்."

"நான் தராட்டி..."

"அதுவும் தெரியும்."

"கோவமோ?"

"ஓம். கோவம்தான்" என்றார். "சாகவிடுங்க எண்டு சொல்லல்ல. முழிச்ச உடன சொல்லியிருக்கலாம். அவட படத்துக்கு முன்னால என்னப் பொய்யனாக்கிப் போட்டீங்க."

பின்னால் ஸ்ரௌவ்வில் நண்பர் வந்து சேர்ந்தார். "என்ன அண்ணைமார், ரகசியமோ?"

"இந்த வருஷமும் நான் விரதம் பிடிக்கிறன்" என்றார் அவர். "ஒரு வருஷம் குறையுது. மகளிட்டச் சொல்லியாச்சு. டொக்டர் குளிசையக் குறைச்சிட்டார். மகள் வேலைக்கு லீவு போட்டு வீட்ட நிக்கிறா." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த ஆறு நாளும் நீங்க வரப்படாது. கோல் எடுக்கப்படாது. உங்கட கை என்ட வாய்க்குக் கிட்ட வரப்படாது."

ஸ்ரௌவ்வில் நண்பர் அது பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

இன்று அந்த ஐந்தாம் நாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். வெளியே மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் மூடிக் கிடக்கிறது. முன் வீட்டுக் கதவு தெரிகிறது, அதற்கு அடுத்த வீடு தெரியவில்லை. ரூஜுக்கு இங்கிருந்து காரில் இருபத்திரண்டு நிமிடம், பஸ்ஸில் போனால் ஒரு மணி பத்து. மாத்திரை குறைத்தாயிற்று, மகள் பக்கத்தில் நிற்கிறாள், கோயிலுக்கு நாளைக்குத்தான் போவார். எல்லாம் எனக்குத் தெரியும். காலையிலிருந்து தொலைபேசியை ஒன்பது தடவை எடுத்தேன், ஒன்பது தடவையும் வைத்துவிட்டேன். இந்த முறையாவது அவர் சொன்ன சொல்லை நான் காப்பாற்ற வேண்டும். எழுதினால் நேரம் போகும் என்று மேசைக்கு வந்தேன். எழுதியும் முடித்தாயிற்று. மணி பதினொன்று ஐம்பத்தைந்துதான் ஆகிறது.